மூன்று தட்டு

மாயழகுவின் மனைவியை நான் நேரில் பார்த்ததில்லை. அவள் பிள்ளை என் வயிற்றில் ஐம்பத்தெட்டு நாள் உதைத்தது.

இதைச் சொன்னால் ஒன்று சிரிப்பார்கள், இல்லை அடிப்பார்கள். எனக்கு இரண்டும் நடந்துவிட்டது. அதனால் முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

சிங்கப்பூரின் மேற்குக் கோடியில், கப்பல் பழுதுபார்க்கும் தளம் ஒன்றில் எனக்கு வேலை. இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை. பாலிடெக்னிக்கை இரண்டாம் ஆண்டில் விட்டவனுக்குப் பகல் வேலை கேட்கிற வாய் இருக்காது. கப்பலின் எண்ணெய்த் தொட்டிக்குள் ஆட்கள் இறங்கி வெல்டிங் செய்வார்கள். தொட்டிக்கு வாசல் என்று ஒரு வட்ட ஓட்டைதான். தோளைக் குறுக்கினால் ஓர் ஆள் நுழையலாம். அந்த ஓட்டைக்கு வெளியே பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவன் நான். எத்தனை பேர் உள்ளே போனார்கள், எத்தனை பேர் வெளியே வந்தார்கள் என்று எண்ணுவதுதான் வேலை. கால் மணிக்கு ஒருமுறை ஓட்டையின் இரும்பு விளிம்பில் ஸ்பேனரால் மூன்று தட்டு தட்டுவேன். உள்ளே இருப்பவன் மூன்று தட்டு திருப்பித் தட்ட வேண்டும். ஒவ்வொருவன் உடம்பிலும் சென்சார் ஒட்டியிருக்கிறது. மூச்சு, நாடி எல்லாம் திரையில் ஓடும். இருந்தாலும் தட்டுவதை நிறுத்தவில்லை. சென்சார் கெட்டுப்போயும் நல்ல எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும். பதில் தட்டு அப்படி வராது.

இரண்டு முறை தட்டியும் பதில் இல்லையென்றால் மணியை அடிக்க வேண்டும். மூன்றாவது முறை தட்டிப் பார்க்கக் கூடாது. காப்பாற்றுகிறேன் என்று உள்ளே குதிக்கவும் கூடாது. வெளியே நின்று கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். மூன்று வருடத்துக்கு முன் ஒருமுறை, சூப்பர்வைசர் திட்டுவாரோ என்று பயந்து நான் மூன்றாவது முறையும் தட்டிப் பார்த்தேன். அந்த ஆள் இப்போது ஊரில் இருக்கிறான். அவன் பெயர் அவனுக்குத் தெரியாது.

மாயழகு பகல் வெல்டர். சிவகங்கைப் பக்கம். விடுதியில் எங்கள் அறையில் பன்னிரண்டு கட்டில். பகலில் அங்கே நான் மட்டும்தான் படுத்திருப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் என் கட்டில் ஓரம் வந்து உட்கார்ந்தான்.

"மாப்ள, ஒரு உதவி. சிரிக்கக் கூடாது."

"சொல்லு."

"சட்டையத் தூக்கு. வயித்தக் காட்டு."

நான் சிரிக்கவில்லை. அவன் முகம் அப்படி இருந்தது. கையில் அகலமான சாம்பல் நிற பெல்ட் ஒன்றை வைத்திருந்தான். உள்பக்கம் பஞ்சு போல மெத்தென்று இருந்தது.

"தர்ஷிகாவுக்கு ஏழாம் மாசம்டா. நச்சுக்கொடி முன்பக்கமா ஒட்டிக்கிட்டு இருக்காம். நடுவுல தலகாணி வச்ச மாதிரி. பிள்ள உதைக்கிறது அவளுக்கே தெரிய மாட்டேங்குது. அதுக்குத்தான் டாக்டரம்மா இதக் குடுத்துருக்கு. அவ வயித்துல ஒண்ணு, என் வயித்துல ஒண்ணு. அங்க உதைச்சா இங்க உதைக்கும்."

"அப்ப நீ கட்டு."

"சாயந்திரம் வந்து நான் கட்டிக்கிறேன். ஆனா எண்ணணும்டா. காலைல அவ சாப்பிட்டதும் ரெண்டு மணி நேரம். ரெண்டு மணில பத்து உதைக்குக் குறையக் கூடாது. ஊர்ல ஒம்போதுலேருந்து பதினொண்ணு. இங்க பதினொண்ணரைலேருந்து ஒண்ணரை. நான் அப்ப தொட்டிக்குள்ள கெடப்பேன்."

"மெஷின் எண்ணாதா?"

"எண்ணும். மெஷின மட்டும் நம்பி எங்கெங்கயோ ரெண்டு மூணு பிள்ள போயிருச்சாம். அதுலேருந்து கூட ஒரு மனுஷன் எண்ணிக் கையெழுத்துப் போடணும்னு வச்சுட்டாங்க. அவளுக்கு நம்பரக் காட்ட மாட்டாங்க. பயந்து பயந்து பிரஷர் ஏத்திக்கிறாளுகளாம். துணையா இருக்கிற ஆள்தான் எண்ணணும்."

"துணை நீயில்ல?"

"மொத வாரம் நானே கட்டிக்கிட்டு உள்ள எறங்கினேன்டா. ஒரு மணி நேரம் உதைக்கலன்னா கத்துது. பிள்ள தூங்கினாக்கூடக் கத்துது. மூணு தடவ அடிச்சுப் புடிச்சு மேல ஏறி வந்தேன். வார்னிங் லெட்டர் குடுத்துட்டான். இன்னொண்ணு வாங்கினா ஊருக்கு அனுப்பிருவான். இந்த நேரத்துல வேலையில்லாம போய் அவ முன்னாடி நிக்கச் சொல்றியா?"

"இப்பவும் கத்துமா?"

"கத்தாது. செட்டிங்க மாத்திட்டேன்."

"அவகிட்ட என்ன சொல்லுவ?"

"ரெண்டு மணி நேரம் ஆபீஸ்ல உக்காந்து எண்ணிக்கச் சூப்பர்வைசர் ஒத்துக்கிட்டாருன்னு சொல்லிட்டேன்."

என்னைக் கேட்பதற்கு முன்பே சொல்லியிருந்தான். பதிலுக்குத் தன் ஜன்னல் ஓரக் கட்டிலை எனக்குக் கொடுத்தான். காற்று வரும் கட்டில். ஒப்புக்கொண்டேன். பெரிய மனசெல்லாம் இல்லை. எனக்குப் பகலில் எப்படியும் தூக்கம் வருவதில்லை.

முதல் உதை மறுநாள் பதினொன்று நாற்பதுக்கு வந்தது. ஈரத் துணிக்குள் தவளை துள்ளுவது போல இருந்தது. அருவருப்பாகத்தான் இருந்தது. பெல்ட்டில் இருந்த பொத்தானை அமுக்கினேன். ஒன்று. அன்று பதினெட்டு. முடிந்ததும் பெல்ட்டின் சின்னத் திரையில் விரலால் 'மாயழகு' என்று கையெழுத்துப் போட்டேன்.

ஒன்பதாவது நாள் கண் சொருகிக்கொண்டு வந்தது. விரல் பழக்கத்தில் பெல்ட்டின் மேல் மூன்று தட்டு தட்டிவிட்டது. கொஞ்ச நேரத்தில் அதே இடத்தில் ஓர் உதை. தற்செயல் என்று நினைத்தேன். மறுநாள் வேண்டுமென்றே தட்டினேன். பத்து முறையில் ஏழு முறை பதில் வந்தது. அதற்கு மூன்று என்று எண்ணத் தெரியாது. ஒன்றுதான் தரும். எனக்கு அது போதும்.

பெல்ட்டோடு வந்த புத்தகம் நாற்பது பக்கம். நான் படிக்கவில்லை. என் தட்டு நேராகப் பிள்ளைக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டேன். நடுவில் ஒரு பெண் இருக்கிறாள் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

மாலை ஏழு மணிக்கு மாயழகு வந்துவிடுவான். நான் எட்டுக்குப் போக வேண்டும். நடுவில் அந்த ஒரு மணி நேரத்தில் தர்ஷிகா கூப்பிடுவாள். சோற்றைப் பிசைந்தபடி அவன் போனை ஸ்பீக்கரில் போடுவான்.

"இன்னைக்கு எத்தனை?"

அவன் என்னைப் பார்ப்பான். நான் விரலைக் காட்டுவேன்.

"பதினாலு."

"எந்தப் பக்கம் உதைச்சான்?"

நான் இடது விலாவுக்குக் கீழே தொட்டுக் காட்டுவேன்.

"லெஃப்ட் சைடு. விலா எலும்புக்குக் கீழ."

"அப்ப தலை கீழ திரும்பிருச்சு போல. டாக்டரம்மாவும் அதான் சொன்னாங்க."

தேவகோட்டையில் ஒரு வாடகை வீட்டின் மாடியில் அவள் தனியாக இருந்தாள். வேறு சாதியில் கட்டிக்கொண்டதால் அவள் வீட்டில் தலைமுழுகிவிட்டார்கள். அவனுக்குத் தாய் இல்லை. கீழ்வீட்டுக்காரி தண்ணீர் மோட்டார் போடும்போது மட்டும் பேசுவாள். அதனால் தர்ஷிகா தன் கேள்விகளை எல்லாம் போனில் கேட்டாள். கால் வீங்குது, சாயந்திரமானா செருப்பு ஏற மாட்டேங்குது, இது இருக்கலாமா? மல்லாக்கப் படுத்தா மூச்சு முட்டுது, இடது பக்கம் சாஞ்சு படுக்கச் சொல்றாங்க, விடிய விடிய ஒரே பக்கமா எப்படிப் படுக்கிறது? பனிக்குடம் உடைஞ்சா நமக்குத் தெரியுமா, இல்ல ஒண்ணுக்குப் போன மாதிரிதான் இருக்குமா?

"அதெல்லாம் தெரியும்டி. பயப்படாத," என்பான் மாயழகு. அவனுக்கு என்ன தெரியும்? நான் வேலைக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்து போனில் தேடிப் படிப்பேன். மறுநாள் அவனிடம் சொல்லி, அவன் வாயால் சொல்ல வைப்பேன். பிரசவத்தைப் பற்றி எனக்கு இப்போது நிறையத் தெரியும். ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஒன்பதாம் மாதம் அவளே கடைக்குப் போய் இரண்டு டஜன் கண்ணாடி வளையல் வாங்கி, அவளே போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் பேசும்போதெல்லாம் வளையல் சத்தமும் கூடவே வந்தது. ஒருநாள் வீடியோவில் அவனைப் பார்த்துவிட்டுக் கத்தினாள்.

"முகத்த மழிச்சிருக்க! பிள்ள வயித்துல இருக்கும்போது கத்தி வைக்கக் கூடாதுன்னு எத்தன தடவ சொன்னேன்?"

"மாஸ்க் ஒட்டாதுடி. தாடி இருந்தா உள்ள விட மாட்டான். சேஃப்டி ஆபீசர் பிளேட வச்சுக்கிட்டு வாசல்லயே நிக்கிறான்."

"யாராவது ஒருத்தராவது மழிக்காம இருக்கணும்ல," என்றாள். கோபம் பாதி, சிரிப்பு பாதி.

ஓட்டைக்கு வெளியே உட்காருபவனுக்கு மாஸ்க் கிடையாது. மறுநாளிலிருந்து நான் மழிக்கவில்லை. சோம்பல்தான். அறையில் இருந்தவர்கள் கேலி செய்தார்கள். "என்ன சூசை, எவ கைவிட்டா?" என்றான் ஒருவன்.

இன்னொரு நாள் அவள் ஆஸ்பத்திரிப் பையை அடுக்கிக்கொண்டே பேசினாள். "துவைச்ச பழைய பருத்திச் சேலை நாலு. பேட் ரெண்டு பாக்கெட். ஃபிளாஸ்க். பிள்ளைக்குத் துணி, தொப்பி. ஸ்கேன் ரிப்போர்ட் மேலாப்புல வச்சிருக்கேன். இப்ப நான் சொல்றத எழுதிக்க. அவசரம்னா வேணும்."

மாயழகு கை சோற்றில் இருந்தது. நான் ஓர் அட்டையில் எழுதினேன். ஆஸ்பத்திரி எண். ஆட்டோக்காரர் எண். ரத்த வகை. அவள் எண். எழுதி பெல்ட்டின் உறைக்குள் செருகினேன். ஐம்பத்தெட்டு நாளில் அவளுக்காக நான் செய்த ஒரே நேர்மையான வேலை அதுதான்.

மாலையில் தான் கட்டிக்கொள்வதாகச் சொன்னானே, அதையும் சொல்லிவிடுகிறேன். முதல் சில நாள் கட்டினான். பத்து மணி நேரம் தொட்டிக்குள் குனிந்து கிடந்தவன், படுத்தால் எழுந்திருக்க மாட்டான். நான் காலையில் வேலை முடிந்து வரும்போது பெல்ட் கட்டில் கம்பியில் தொங்கிக்கொண்டிருக்கும். காற்றில் தானாக உதறிக்கொண்டிருக்கும். நான் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

ஐம்பத்தெட்டாவது நாள். முப்பத்தேழாவது வாரம்.

பதினொன்றரைக்குக் கட்டினேன். நான்கு நிமிடத்தில் முதல் உதை. நல்ல உதை. பொத்தானை அமுக்கிவிட்டு மூன்று தட்டு தட்டினேன். பதில் இல்லை. தூங்குகிறது என்று நினைத்தேன். அடுத்த நிமிடமே இரண்டு உதை. தூங்குகிற பிள்ளை உதைக்குமா? மீண்டும் தட்டினேன். பதில் இல்லை. ஆனால் அரை நிமிடம் கழித்து, எனக்குச் சம்பந்தமே இல்லாமல், வலது பக்கம் ஓர் உதை.

எழுந்து உட்கார்ந்தேன். இரண்டு முறை தட்டியாயிற்று. இருந்தும் நான் மணியை அடிக்கவில்லை. விடாமல் தட்டினேன். மூன்று தட்டு, நிறுத்தி மூன்று தட்டு. ஒருமுறை பட்ட பிறகும் புத்தி வரவில்லை. உதை மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. எண்ணிக்கை பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. திரையில் பச்சை எழுத்து: இயல்பு. கையெழுத்து இடவும்.

போடவில்லை. பெல்ட்டின் கொக்கியில் அச்சடித்திருந்த உதவி எண்ணைக் கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தாள். கோயம்புத்தூர்ப் பேச்சு.

"வணக்கம்ங்க. பெல்ட் நம்பர் சொல்லுங்க சார்."

சொன்னேன்.

"மாயழகு சாருங்களா?"

"ஆமா."

"சொல்லுங்க சார். எல்லாம் இயல்புன்னுதானே காட்டுது?"

"தட்டினா பதில் வர மாட்டேங்குது. உதை மட்டும் வருது."

கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. "சார், உங்க பெல்ட்டுல நிம்மதி முறை ஆன்ல இருக்குங்க."

"அப்படின்னா?"

"அசைவு கம்மியானா முன்னாடி அலாரம் அடிக்குமுங்க. பிள்ளை தூங்கினாலே அடிக்குதுன்னு அப்பாமார் எல்லாம் ரொம்பக் கம்ப்ளெயின்ட் பண்ணாங்க. அதுக்காகக் குடுத்ததுங்க. அலாரத்துக்குப் பதிலா நடுவுல இருக்கிற இடத்த பெல்ட்டே நிரப்பிக்கும். நீங்கதானே சார் ஆன் பண்ணிருக்கீங்க. ரெண்டு மாசம் ஆச்சு. சம்மதம்னு டிக் பண்ணிருக்கீங்க."

"நேத்து எவ்வளவு நிரப்புச்சு?"

"நேத்து... பதினாறு நிமிஷம்தாங்க."

"இன்னைக்கு?"

மறுபடி கீபோர்டு சத்தம்.

"ஊர் நேரம் காலைல ஆறு மணிலேருந்து முழுசும்ங்க."

"முழுசும்னா?"

"முழுசும் நிரப்பினதுதாங்க சார்."

"அப்ப இப்ப என்னை உதைக்கிறது யாரு?"

"போன வாரத்துச் சராசரிங்க."

அந்த நேரம் பார்த்து விலாவுக்குக் கீழே ஓர் உதை வந்தது.

"ஆஸ்பத்திரிக்குத் தெரியுமா இது?"

"அசல் ரீடிங் அவங்களுக்குப் போகுமுங்க. ஆனா பெல்ட் இயல்புன்னு சொல்லி, நீங்களும் கையெழுத்துப் போட்டுட்டா அவங்க திறந்து பார்க்க மாட்டாங்க. சார்... நீங்க உடனே மேடத்த..."

போனை வைத்தேன். தளத்துக்கு அடித்தேன். மாயழகு தொட்டிக்குள் இருக்கிறான், வெளியே எடுக்க இருபது நிமிடம் ஆகும் என்றார்கள். உறைக்குள்ளிருந்து அட்டையை எடுத்தேன். என் கையெழுத்தில் அவள் எண்.

கூப்பிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். யார் நீ என்பாள். என் வயிற்றில் நடப்பது உனக்கு எப்படித் தெரியும் என்பாள். அவள் பிடித்துக்கொண்டிருந்த ஒரே கயிறு அவன்தான். அந்தக் கயிற்றில் பாதி நான் என்று சொல்ல வேண்டியிருக்கும். இருபது நிமிடம் காத்திருந்தால் மாயழகுவே பேசுவான். யாருக்கும் எதுவும் தெரியாமல் முடியும். இருபது நிமிடம் என்றால் என்ன என்பதும் எனக்குத் தெரியும்.

கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"தர்ஷிகாங்களா? நான் சிங்கப்பூர்லேருந்து. சூசை. மாயழகு ரூம்ல இருக்கேன்."

"அவருக்கு என்னாச்சு?"

"அவனுக்கு ஒண்ணுமில்ல, தங்கச்சி. பிள்ள அசையல. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

அடுத்து வரப்போகும் கேள்விக்கு மனதுக்குள் பதிலை அடுக்கினேன். அவள் அதைக் கேட்கவில்லை.

"எப்பலேருந்து?"

"ஊர் நேரம் காலைல ஆறுலேருந்து. அதுக்கு முன்னாடி இருந்துச்சு."

"சரி. ஆட்டோ கீழ வந்துருச்சு. போனைக் கட் பண்ணாதீங்க."

போனை எங்கோ சொருகிக்கொண்டாள் போலிருக்கிறது. படியில் இறங்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படிக்கும் வளையல். கீழ்வீட்டுக்காரி ஏதோ கேட்டாள். ஆட்டோ சத்தம். ஹாரன். அவள் மூச்சு. என் கட்டிலில் உட்கார்ந்து, என் வயிற்றில் போன வாரம் உதைத்துக்கொண்டிருக்க, கேட்டுக்கொண்டிருந்தேன். பெல்ட்டைக் கழற்றத் தோன்றவில்லை.

பிறகு ஒரு நர்ஸின் குரல். "கூட யாரும்மா வந்திருக்கா?"

"யாரும் இல்ல."

"போன்ல யாரு, வீட்டுக்காரரா?"

"இல்ல. எண்ணுறவரு."

"என்ன எண்ணுறவரு? குடு இங்க. ஹலோ, யாருங்க நீங்க?"

"அதை அப்புறம் சொல்றேன். நேத்து ஊர் நேரம் பத்தே முக்காலுக்குத் தட்டினப்பப் பதில் வந்துச்சு. இன்னைக்கு இருபது தடவைக்கு மேல தட்டிட்டேன். ஒண்ணுக்கும் வரல. பெல்ட் காட்டுறது பொய். அத நம்பாதீங்க. அசல் ரீடிங்கத் தொறந்து பாருங்க."

அவள் யாரையோ கத்திக் கூப்பிட்டாள். வண்டி உருளும் சத்தம். ஜெல் தடவுகிறார்கள், பட்டை கட்டுகிறார்கள் என்று பேச்சிலிருந்து தெரிந்தது. பிறகு ஒரு துடிப்புச் சத்தம். மெதுவாக, இடைவெளி விட்டு, ஏதோ யோசித்து யோசித்து அடிப்பது போல. துடிப்பு இருந்தது.

"பனிக்குடத்துல தண்ணி ரொம்பக் கம்மியா இருக்கு. தியேட்டர ரெடி பண்ணு," என்றார் ஒரு டாக்டர். "வளையலக் கழட்டும்மா."

"கழட்டணுமா?"

"கழட்டணும். சீக்கிரம்."

வளையல் ஒவ்வொன்றாகத் தட்டில் விழுந்தது. இருபத்துநான்கு. நான் எண்ணினேன். வேறு என்ன செய்வேன்? பிறகு யாரோ போனை அணைத்தார்கள். அங்கே அவள் பெல்ட்டைக் கழற்றிவிட்டார்கள் போல, கொஞ்ச நேரத்தில் என் பெல்ட்டும் நின்றது.

இரண்டரை மணிக்கு மாயழகு வெல்டிங் உடுப்போடு அறைக்குள் வந்தான். முகம் முழுக்கக் கரி. மாஸ்க் இருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

"பொண்ணு," என்றான். "ஆபரேஷன். கண்ணாடிப் பெட்டில வச்சிருக்காங்க. மூச்சு விடுது."

"அவ?"

"நல்லாருக்கா."

பிறகு என் கன்னத்தில் அறைந்தான். தாடி இருந்ததால் சத்தம் பெரிதாக வரவில்லை.

"ஆஸ்பத்திரில எழுதி வச்சிருக்காங்கடா. துணைன்னு போட்டு உன் பேர எழுதிருக்காங்க. ரெண்டு மாசமா எவனோ ஒருத்தன் என் பொண்டாட்டி வயித்துல தட்டிக்கிட்டு இருந்திருக்கான். நர்ஸ் கேக்குது, யாருங்க அவருன்னு. நான் என்னடா சொல்லுவேன்?"

"நீதானடா கட்டிவிட்ட."

"எண்ணத்தானடா சொன்னேன்! தட்டச் சொன்னனா?"

"நிம்மதி முறைய ஆன் பண்ணது யாரு?"

அவன் கட்டிலில் உட்கார்ந்தான். பூட்ஸைக் கழற்ற முயன்றான். கயிறு அவிழவில்லை. நான் குனிந்து அவிழ்த்துவிடலாம் என்று நினைத்தேன். செய்யவில்லை.

அன்று மாலை விமானத்தில் போனான். போகும்போது பெல்ட்டையும் எடுத்துக்கொண்டான். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்து வேறு அறை கேட்டு வாங்கிக்கொண்டான். ஜன்னல் கட்டிலைத் திருப்பிக் கேட்கவில்லை. கேன்டீன் வரிசையில் என்னைப் பார்த்தால் தட்டோடு வேறு வரிசைக்குப் போவான். அறையில் விஷயம் பரவியது. "சூசைக்குச் சுகப்பிரசவமா, ஆபரேஷனாடா?" என்று கேட்டு இரண்டு வாரம் சிரித்தார்கள். பிறகு அதுவும் தீர்ந்துபோனது. பதினொன்றரைக்கு விழிப்பு வருவது மட்டும் நிற்கவில்லை. வயிற்றில் கை வைத்துப் படுத்திருப்பேன். ஒன்றும் இருக்காது.

அவள் ஏன் என்னை நம்பினாள் என்பது எனக்குப் புரியவில்லை. முன்பின் தெரியாத ஒருவன் கூப்பிட்டு உன் பிள்ளை அசையவில்லை என்றால், ஒரு பெண் அத்தனை கேள்வியையும் விட்டுவிட்டு எப்படிக் கிளம்புவாள்? நான்தான் எண்ணுகிறேன் என்று அவளிடம் சொல்லவேயில்லை. பிறகு எப்படி நர்ஸிடம் சொன்னாள்?

பிள்ளை பிறந்த நாற்பத்தோராம் நாள் ஒரு குரல் செய்தி வந்தது. தெரியாத எண். வளையல் சத்தம் இல்லாததால் முதலில் குரல் அடையாளம் தெரியவில்லை.

"நான் தர்ஷிகா. இது கீழ்வீட்டு அக்கா போன். திருப்பிக் கூப்பிட வேணாம். உங்கள என்ன சொல்லிக் கூப்பிடறதுன்னு தெரியல. அண்ணேன்னு சொல்லிருக்கலாம். வாய் வரல, விட்டுட்டேன். எனக்கு மொதல்லயே தெரியும். நீங்க அங்க தட்டினா இங்க எனக்குத் தெரியும். பெல்ட்டே அப்படித்தான். பிள்ள உதைக்கிறதுதான் எனக்குத் தெரியாது, உங்க விரல் நல்லாத் தெரிஞ்சுது. மொத நாள் அவர்தான்னு நெனச்சேன். சாயந்திரம் போன்ல பேசும்போது நான் தட்டிப் பார்த்தேன். அவர் திருப்பித் தட்டல. மறுநாளும் தட்டல. ஒரு தடவ கூடத் தட்டல. மத்தியானத்துல தட்டுறது வேற யாரோன்னு புரிஞ்சுபோச்சு. கேட்டிருக்கலாம். கேட்டா நின்னுபோயிரும்னு கேக்கல. நாள் பூரா என்கிட்ட யாரும் பேச மாட்டாங்க. அது ஒண்ணுதான் வரும்."

பின்னால் தண்ணீர் மோட்டார் ஓடும் சத்தம். பிறகு தொடர்ந்தாள்.

"அன்னைக்கு நீங்க விடாம தட்டிக்கிட்டே இருந்தீங்க. எப்பவும் ரெண்டு தடவ தட்டினா விட்டுருவீங்க. அன்னைக்கு விடல. ஏதோ சரியில்லன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. உங்க போன் வர்றதுக்கு முன்னாடியே ஆட்டோவுக்குச் சொல்லிட்டேன். பாப்பா நல்லாருக்கா. மூணு கிலோ ஆயிட்டா. பேர் சொல்லக் கூடாதுன்னு அவர் சொல்லிருக்கார், அதனால சொல்லல. இனிமே பேச வேணாம். தொட்டில் கம்பியில மூணு தட்டு தட்டினா கால உதைக்கிறா. அத மட்டும் நான் நிறுத்தல."

செய்தி அவ்வளவுதான். இரண்டாம் முறை கேட்டேன். பிறகு அழித்தேன். வைத்திருந்தால் மூன்றாம் முறையும் கேட்பேன்.

அந்த ஞாயிறு தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்காவுக்குப் போனேன். சந்துக்குள் ஒரு சலூன். முடிவெட்டுகிறவர் மன்னார்குடிக்காரர். துணியைப் போர்த்திவிட்டு என் தாடியை நிமிர்த்திப் பார்த்தார்.

"ரொம்ப நாளா விட்டுட்டீங்க போல. வேண்டுதலாண்ணே?"

"இல்ல."

"அப்ப வீட்டுல மாசமா இருந்தாங்களா?"

கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். சும்மா பேச்சுக்குத்தான் கேட்கிறார்.

"பிறந்தாச்சு," என்றேன்.

"என்ன பிள்ளை?"

"பொண்ணு."

"மகாலட்சுமி! அப்பாவாயிட்டீங்க." சோப்பு நுரையைக் கன்னத்தில் தடவிக் கத்தியை விரித்தார்.

நான் மறுக்கவில்லை. கன்னத்தில் கத்தி இருக்கும்போது பேசக் கூடாது.